கண்ணாடி நார்த் துணியும் உரியாத பூச்சும்: ஒகேனக்கல் பரிசலை முன்வைத்து

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில், சின்னாறு காவிரியோடு கலக்கும் ஒகேனக்கல்லில் ஓடும் பரிசல், மூங்கில் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, அடிப்புறத்தில் நீர் புகாத போர்வை ஒன்றை இழுத்துக் கட்டிச் செய்யப்படுவது. ஏறத்தாழ ஏழு அடி விட்டமும் எட்டுப் பேர் வரை ஏற்றும் திறனும் கொண்ட இந்தக் கலத்துக்கு மூங்கில் சட்டம் வடிவத்தைத் தருகிறது. தண்ணீரை வெளியே நிறுத்தும் பொறுப்பு முழுவதும் போர்வையையும் அதன் மேல் ஏற்றப்படும் பூச்சையும் சேர்ந்தது. முன்பு தோல் போர்வையாக இருந்தது. பின்னர் பிளாஸ்டிக் தாளும் சாக்கும் அந்த இடத்துக்கு வர, அவற்றின் மேல் தார் பூசும் வழக்கம் ஏற்பட்டது. பாறையில் உரசி, வெயிலில் கவிழ்ந்து காய்ந்து, மறுபடி நீரில் இறங்கும் பரிசலின் அடிப்பகுதியில் முதலில் பழுதாவது இந்தப் பூச்சுதான். துணியும் பூச்சும் எங்கே பிரிகின்றன, ஏன் பிரிகின்றன என்ற கேள்வி பரிசல் கட்டுபவருக்கு எவ்வளவு முக்கியமோ, வழக்கில் 'பைபர்' என்று சொல்லப்படும் கண்ணாடி நார்த் துணியைக் கையாளும் படகுக்காரர், தொட்டி செய்பவர், கூரைக்கு நீர்க்காப்பு செய்பவர் ஆகியோருக்கும் அவ்வளவு முக்கியம்.

உரிந்த பூச்சைக் கண்டதும் டப்பாவில் இருந்த சரக்கைக் குறை சொல்வதே பொதுவான வழக்கம். கண்ணாடி நாரைப் பொறுத்தவரை இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறாகவே முடிகிறது. பூச்சு ஒட்டுமா ஒட்டாதா என்பது துணியின் பரப்பு எவ்வாறு ஆயத்தம் செய்யப்பட்டது, எந்த நேரத்தில் பூசப்பட்டது, விளிம்பு எப்படி மூடப்பட்டது ஆகியவற்றால், பூச்சு காய்வதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

கண்ணாடி நாரின் இயல்பு

பருத்தி இழை நீரை உறிஞ்சும். அதன் பரப்பில் நுண்ணிய மயிர்களும் மடிப்புகளும் உண்டு. எனவே பருத்தித் துணியில் பூசப்படும் தாரோ மெழுகோ இழைக்குள் ஊறிப் பற்றிக்கொள்கிறது. கண்ணாடி நாரில் அத்தகைய பிடிமானம் இல்லை. சிலிக்கா, சுண்ணாம்பு, அலுமினா, போரான் ஆக்சைடு முதலியவற்றை உருக்கி, நுண்துளைகள் வழியே வேகமாக இழுத்துச் செய்யப்படும் அந்த இழையின் விட்டம் பெரும்பாலும் 5 முதல் 25 மைக்ரான் வரை இருக்கும். பரப்போ வழவழப்பானது, உறிஞ்சும் தன்மை அற்றது. நூற்றுக்கணக்கான இழைகள் சேர்ந்து ஒரு நூலாகவும், நூல்கள் நெய்யப்பட்டுத் துணியாகவும் ஆகும்போது, இழைகளுக்கு இடையே உள்ள சந்துகளில் பூச்சு புகுந்து பிடிக்க இயலுமே தவிர, இழைக்கு உள்ளே புக இயலாது.

இதைவிடப் பெரிய இடர், கண்ணாடிக்கும் தண்ணீருக்கும் உள்ள நெருக்கம். கண்ணாடியின் பரப்பில் சிலிக்கனோடு இணைந்த ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைந்துள்ளன. அவை காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலத்தை எப்போதும் தம்மீது வைத்திருக்கின்றன. ஆயத்தம் செய்யாத துணியில் பூசப்படும் பிசின், அதாவது ரெசின், அந்த நீர்ப்படலத்தின் மேல்தான் படிகிறது. காய்ந்த நிலையில் நன்றாக ஒட்டியதுபோலத் தோன்றும் பூச்சு, சில வாரங்கள் நனைந்தபின் தாளாக உரிந்து வருவதற்கு இதுவே காரணம்: வெளியிலிருந்து வரும் நீர், பிசினைவிட எளிதாகக் கண்ணாடியைப் பற்றிக்கொண்டு, பிசினை அதன் இடத்திலிருந்து விலக்கிவிடுகிறது.

நெசவுப் பசையும் அதை நீக்குதலும்

இழுக்கப்பட்ட கண்ணாடி இழை எளிதில் உரசி முறியும் என்பதால், நெசவுக்கு அனுப்பும் முன் அதன் மேல் மாவும் எண்ணெயும் கலந்த ஒரு பசை ஏற்றப்படுகிறது. தறியில் இழையைக் காக்கும் அதே பசை, பூச்சு ஏற்றும்போது தடையாகிறது. தருமபுரியின் பட்டுக்கூடு அங்காடியை அறிந்தவர்களுக்கு இந்த நிலை புதிதாக இராது. கூட்டிலிருந்து எடுத்த பட்டிழையின் மேலுள்ள செரிசின் என்னும் இயற்கைப் பசையைச் சோப்புநீரில் வேகவைத்து நீக்கிய பின்னரே சாயம் சீராக ஏறுவதுபோல, கண்ணாடித் துணியின் நெசவுப் பசையை நீக்கிய பின்னரே பூச்சு உறுதியாகப் பிடிக்கிறது.

இந்த வேலை ஆலைகளில் வெப்பத்தால் செய்யப்படுகிறது: துணிச் சுருள்களை 350 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரையிலான சூளையில் நெடுநேரம் வைத்து, பசையை எரித்துவிடுகிறார்கள். இதனால் துணியின் வலிமை கணிசமாகக் குறைகிறது. ஆயினும் பரப்பு தூய்மையாகிறது. பட்டறையில் இதைச் செய்துபார்ப்பது நல்லதன்று. சூளையின் வெப்பம் சீராக இல்லையென்றால் பசை கரியாகித் துணியிலேயே தங்கிவிடும். ஆகவே துணி வாங்கும்போதே, அது நெசவுப் பசையோடு கூடிய பச்சைத் துணியா, பசை நீக்கி மேற்பதனம் செய்யப்பட்ட துணியா என்று கேட்டு அறிந்துகொள்வது, பிறகு செய்யும் எந்தச் சீர்திருத்தத்தையும்விடப் பயனுள்ளது.

சிலேன்: இரு கையும் உள்ள இணைப்பி

தூய்மையான கண்ணாடியிலும் நீர்ப்படலம் உண்டு என்பதால், தூய்மை மட்டும் போதாது. கண்ணாடியோடு ஒரு முனையாலும் பிசினோடு மறு முனையாலும் வேதிப்பிணைப்பு கொள்ளும் பொருள் ஒன்று இடையில் தேவைப்படுகிறது. அதுவே சிலேன் இணைப்பி எனப்படுவது. 1947இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் விட் அமெரிக்கக் கடற்படைக்கு அளித்த அறிக்கை, பாலியெஸ்டரோடு வினைபுரியும் முனை கொண்ட சிலேனைப் பூசிய கண்ணாடி நார், அத்தகைய முனை இல்லாத சிலேனைப் பூசிய நாரைவிட இருமடங்கு வலிமையான பலகையைத் தந்ததாகக் காட்டியது. நாரும் அதேதான், பிசினும் அதேதான். இடையில் இருந்த மிக மெல்லிய படலம் மட்டுமே மாறியது. ஒட்டுதலைப் பற்றிய எந்த விளக்கத்தையும்விட இந்த ஒரு முடிவு தெளிவானது.

சிலேன் நீரோடு சேரும்போது முதலில் சிலனாலாக மாறுகிறது. சிலனால் கண்ணாடியின் ஹைட்ராக்சில் தொகுதிகளை அணுகி, உலரும்போது நீரை வெளியேற்றி, சிலிக்கன்–ஆக்சிஜன்–சிலிக்கன் பிணைப்பாக நிலைபெறுகிறது. எஞ்சிய முனை பிசின் இறுகும்போது அதன் வலைப்பின்னலில் இணைகிறது. இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, முனை பிசினுக்குப் பொருந்த வேண்டும்: எப்பாக்சிக்கு அமினோ அல்லது எப்பாக்சி முனையும், பாலியெஸ்டருக்கும் வினைல் எஸ்டருக்கும் மெத்தக்ரிலேட் அல்லது வினைல் முனையும் உகந்தவை. இரண்டாவது, கரைசல் நீர்த்ததாக இருக்க வேண்டும். பொதுவாக நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்குக்குள் போதும், கூடினால் தனித்த ஒரு மெழுகுப் படலம் உண்டாகி அதுவே பிரியும் இடமாகிவிடும். மூன்றாவது, கரைத்த சிலேன் நீண்ட நேரம் தாங்காது. தன்னோடு தானே இணைந்து கெட்டுவிடும் என்பதால், கலந்த அன்றே பயன்படுத்தி, துணியை ஏறத்தாழ 100 முதல் 110 டிகிரி வெப்பத்தில் உலர்த்த வேண்டும்.

சிலேன் பதனம் செய்த துணியைக் கடையில் வாங்கும்போதும் இதே பொருத்தம் பார்க்கப்பட வேண்டும். வெட்டிய இழைகளைப் பரப்பிச் செய்யப்படும் 'மேட்' என்னும் விரிப்பில் இழைகளைச் சேர்த்துவைக்கும் பசை, பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீனில் கரையும்படி அமைக்கப்பட்டது; ஸ்டைரீன் இல்லாத எப்பாக்சியை அதன் மேல் ஊற்றினால், பசை கரையாமல் நின்று, ரெசின் இழைவரை போய்ச் சேராது.

ரெசின் இழையைச் சென்றடைந்ததா என்பதைக் கண்ணாலேயே அறியலாம். கண்ணாடியும் இறுகிய ரெசினும் ஒளியை ஏறத்தாழ ஒரே அளவில் முறிக்கின்றன. எனவே நன்கு நனைந்த இடத்தில் வெண்மை மறைந்து, துணி ஊடொளிரும் தன்மை பெறுகிறது. ரோலரை ஓட்டிய பிறகும் நூலின் போக்கில் வெண்கோடுகள் தெரிந்தால், அங்கே காற்று அகப்பட்டிருக்கிறது என்று பொருள். பயன்பாட்டுக்கு வந்தபின் அதே வெண்கோடுகள் புதிதாகத் தோன்றினால், இழைக்கும் ரெசினுக்கும் இடையே பிளவு தொடங்கிவிட்டது. உரிதலின் முதல் அறிகுறி அது.

வெயிலும் பனியும் வேலை நேரமும்

தருமபுரியின் கோடை கடுமையானது. வெப்பத்தில் பூச்சு விரிகிறது, குளிரில் சுருங்குகிறது. கண்ணாடி அவ்வளவாக அசைவதில்லை. எப்பாக்சி, பாலியெஸ்டர் போன்றவை கண்ணாடியைவிடப் பத்து மடங்கோ அதற்கு மேலோ வெப்பத்தால் விரியக்கூடியவை என்பதால், ஒவ்வொரு பகலிரவும் இணைப்பின் மேல் ஓர் இழுவிசை ஏற்படுகிறது. பூச்சு எவ்வளவு தடித்ததோ அவ்வளவு பெரிதாகும் இந்த விசை. ஒரே தடவையில் கனமாகப் பூசி முடிப்பதைவிட, மெல்லிய பல அடுக்குகளாகப் பூசுவது சிறந்தது என்பதற்கு இது முதல் காரணம். தடித்த அடுக்கின் மேற்பரப்பு முதலில் இறுகி, அடியில் உள்ள தின்னர் வெளியேற வழியின்றிக் கொப்பளிக்கும் என்பது இரண்டாவது காரணம்.

நேரத் தேர்வு அடுத்தது. விடியற்காலையில் துணியின் பரப்பு காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் அதில் படிந்திருக்கும். பரப்பின் வெப்பநிலை, பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்கும்வரை பூசக்கூடாது என்பது பூச்சுத்தொழிலில் நிலைபெற்ற விதி. உச்சி வெயிலில் பூசினால் வேறு கேடு: ரெசின் வாளியிலேயே உறைகிறது, வெப்பம் ஏறும்போது துணிக்குள் அடைபட்ட காற்று விரிந்து, ஈரப் பூச்சைத் துளைத்துக்கொண்டு வெளியேறி, ஊசித்துளைகளை விட்டுச் செல்கிறது. வெப்பம் இறங்கத் தொடங்கும் பிற்பகலில், நிழலில் பூசினால் காற்று சுருங்கிப் பூச்சை உள்ளே இழுக்கும். ஆயினும் பொழுது சாயும் முன் பூச்சு இறுகியிருக்க வேண்டும் என்பதால், வேலையைப் பிற்பகலின் முற்பாதியிலேயே தொடங்குவது நல்லது.

பாலியெஸ்டரை இறுகச் செய்ய, ஆக்சிலரேட்டர் எனப்படும் கோபால்ட் கரைசலும், கேட்டலிஸ்ட் என்று வழங்கும் பெராக்சைடும் சேர்க்கப்படுகின்றன. இவ்விரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது; தீயும் வெடிப்பும் நேரும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்கு கலந்த பின்னரே, நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு பெராக்சைடைச் சேர்க்க வேண்டும். வெயில் நாளில் விரைவாக இறுகட்டும் என்று பெராக்சைடைக் கூட்டுவதும், குளிர்நாளில் மிச்சம் பிடிக்கக் குறைப்பதும் ஒருசேரத் தீமை: கூட்டினால் பூச்சு அதிகம் சுருங்கி விரிசல் விடும், குறைத்தால் அரைகுறையாக இறுகி நீரில் மென்மையாகும்.

தண்ணீரின் இரண்டு முகங்கள்

தருமபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்திருப்பது நெடுநாள் அறியப்பட்ட துயரம்; ஜப்பானிய நிதியுதவியோடு நிறைவேற்றப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது அதன் பொருட்டே. குடிநீரில் காணும் அளவிலான புளோரைடு கண்ணாடியை அரிக்காது. பூச்சு வேலைக்குக் கேடு செய்வது, ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு. துணியையோ பழைய பைபர் பரப்பையோ உப்புநீரால் கழுவி அப்படியே காயவிட்டால், உப்பு ஒரு மென்படலமாகப் பரப்பில் தங்கிவிடும். அதன் மேல் பூச்சு ஏறிய பிறகு, வெளியிலிருந்து நீராவி பூச்சின் வழியே மெல்ல ஊடுருவி, அந்த உப்பைக் கரைக்கும். கரைசலின் அடர்வு மேலும் நீரை உள்ளே இழுக்கும். அழுத்தம் கூடிக் கொப்புளம் எழும். கடைசிக் கழுவலை மழைநீரிலோ பேட்டரிக்கு ஊற்றும் வாலைநீரிலோ முடிப்பது சிறிய செலவு. அதனால் விளையும் பயன் பெரிது.

இதே சவ்வூடு பரவல், படகு நிற்கும் நீரைப் பொறுத்தும் மாறுகிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடற்கரையில் பைபர் படகுகள் பெருகியதால், கடல்நீரே பைபருக்கு முதற்பகை என்ற எண்ணம் பரவியுள்ளது. கொப்புளத்தைப் பொறுத்தவரை உண்மை எதிர்மாறானது. கடல்நீர் தானே உப்புக் கரைசல் என்பதால், பூச்சுக்கு உள்ளே இருக்கும் கரைசலுக்கும் அதற்கும் அடர்வு வேறுபாடு குறைவு. நன்னீரில் அந்த வேறுபாடு மிகுதி. ஆகவே காவிரியிலோ மேட்டூர் நீர்த்தேக்கத்திலோ தொடர்ந்து நீரில் கிடக்கும் பைபர் கலம், கடலில் கிடப்பதைவிட விரைவில் கொப்பளிக்க வாய்ப்புண்டு. நாள்தோறும் கரையேற்றிக் கவிழ்த்துக் காயவைக்கும் பரிசலோட்டிகளின் வழக்கம், தோலுக்கும் தாருக்கும் எவ்வளவு நன்மை செய்ததோ, பைபருக்கும் அவ்வளவு நன்மை செய்யும். சாதாரண பாலியெஸ்டரைவிட ஐசோப்தாலிக் வகையும், அதைவிட வினைல் எஸ்டரும் எப்பாக்சியும் நீரை நன்கு தாங்கும் என்பதால், அடியில் படும் முதல் அடுக்குக்காவது அவற்றைத் தேர்ந்தெடுப்பது தகும்.

விளிம்பும் மடிப்பும்

உரிதல் நடுவில் தொடங்குவது அரிது. வெட்டிய விளிம்பில், ஆணித்துளையில், தையலில், கூர்மடிப்பில் தொடங்குகிறது. வெட்டப்பட்ட நூலின் முனையில் நூற்றுக்கணக்கான இழைகளுக்கு இடையே நுண்குழாய்கள் திறந்திருக்கின்றன; நீர் அவற்றின் வழியே துணிக்குள் நெடுந்தூரம் ஏறுகிறது. வெட்டிய உடனே விளிம்பை மெல்லிய ரெசினால் நனைத்து, அது இறுகியபின் மேல்பூச்சை விளிம்பைத் தாண்டி மடித்து இறக்குவது இதற்குரிய முறை. துளையிட நேர்ந்தால் துளையின் உட்சுவருக்கும் ரெசின் பூச வேண்டும்.

கண்ணாடி நார் இழுவிசையை நன்கு தாங்கும். கூர்மையாக மடிப்பதைத் தாங்காது. பரிசலில் விளிம்பு மூங்கிலைச் சுற்றிப் போர்வை மடங்கும் இடமும், பாறை உரசும் அடிவட்டமும் இதனால் மிகவும் நலிந்தவை. கண்ணாடித் துணியால் பரிசல் போர்த்த முனைவோர் அந்த விளிம்பில் மடிப்பின் ஆரத்தைப் பெரிதாக்க வேண்டும். அடிவட்டத்தில் தேய்ந்தால் மாற்றத்தக்க தனிப் பட்டை ஒன்றை ஒட்ட வேண்டும். வளைந்து கொடுக்கும் மூங்கிலின் மேல் இறுகிய எப்பாக்சியை ஏற்றினால், மூங்கில் அசையும்போதெல்லாம் பூச்சு விரிசல் விடும் என்பதால், நெகிழ்வூட்டிய ரெசினே அதற்கு ஏற்றது.

பழைய பூச்சின் மேல் புதிய பூச்சு

வீட்டுக் குளியலறைக் கதவு, தண்ணீர்த் தொட்டி, கால்நடைக் கொட்டகையின் கூரைத்தகடு ஆகிய பைபர் பொருள்களில் பெயிண்ட் உரிவதற்குப் பெரும்பாலும் மெழுகே காரணம். அச்சிலிருந்து எளிதாகப் பிரிவதற்காக அச்சின் மேல் பூசிய மெழுகு, பொருளின் வெளிப்பரப்பில் தங்கிவிடுகிறது. பாலியெஸ்டரின் கடைசி அடுக்கிலும், காற்று பட்டு ஒட்டும் பதத்தில் நிற்காமல் இறுகட்டும் என்று மெழுகு சேர்ப்பதுண்டு. அது மேலெழுந்து பரப்பில் படிகிறது. எப்பாக்சியின் மேலோ, ஈரக்காற்றில் இறுகும்போது, அமீன் வழும்பு எனத்தக்க வழுக்கும் படலம் தோன்றுவதுண்டு.

இங்கே வரிசை முக்கியம். உப்புத்தாளை முதலில் எடுத்தால், தேய்ப்பில் உண்டாகும் கீறல்களுக்குள் மெழுகு அழுந்திப் புகுந்துவிடும். ஆகவே முதலில் சோப்புநீரால் கழுவி, அமீன் வழும்பை வெந்நீரால் நீக்கி, உலர்ந்தபின் தகுந்த கரைப்பானால் ஒரே திசையில் துடைத்து, துணியை அடிக்கடி மாற்ற வேண்டும். அதன் பிறகே பளபளப்பு முழுதும் மறையும்வரை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். தேய்க்கும்போது எழும் கண்ணாடித் தூசு தோலையும் கண்ணையும் மூச்சுக்குழாயையும் உறுத்துவது. முகமூடியும் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இவ்வேலையில் யாரையும் நிறுத்தக் கூடாது. மெழுகு சேராத அடுக்கின் மேல், அது இன்னும் இலேசாக ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே அடுத்த அடுக்கை ஏற்றினால், இரண்டும் வேதிமுறையில் இணைந்து ஒன்றாகும். தேய்க்கும் வேலையே மிச்சம்.

எதிலும் ஒட்டாததை ஒட்டவைத்த துணி

டெஃப்லான் என்ற பெயரால் அறியப்படும் பி.டி.எஃப்.இ. பெரும்பாலான பொருள்களில் ஒட்டாதது. ஆயினும் 1981இல் கட்டிமுடிக்கப்பட்ட ஜித்தா விமான நிலைய ஹஜ் முனையத்தின் கூடாரக் கூரைகளும், 2010 காமன்வெல்த் போட்டிகளுக்காக டெல்லி ஜவஹர்லால் நேரு மைதானத்தில் அமைக்கப்பட்ட கூரையும் அந்தப் பிசின் பூசிய கண்ணாடித் துணியால் ஆனவையே. பி.டி.எஃப்.இ. துகள்கள் மிதக்கும் நீர்மத்தில் துணியைப் பலமுறை தோய்த்து, ஒவ்வொரு தடவையும் உலர்த்தி, 327 டிகிரிக்கு மேல் சூடேற்றி உருகவைக்கும்போது, பிசின் நூல்களின் சந்துகளுக்குள் புகுந்து, துணியைச் சுற்றிலும் பற்றிக்கொள்கிறது. தடிப்பாக ஒரே தடவையில் ஏற்றினால் காய்ந்த சேறுபோல வெடிக்கும் என்பதால், மெல்லிய அடுக்குகளே அங்கும் விதி.

சோதனை

முழு வேலையில் இறங்கும் முன், அதே துணியில், அதே ரெசினில், அதே நாளின் வெயிலில் ஒரு சிறு துண்டைச் செய்து பார்ப்பது எளிது. இறுகிய பூச்சில் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி, விருட்டென்று இழுத்தால், கட்டங்கள் பெயர்கின்றனவா என்று தெரியும். பூச்சிட்ட துணிகளுக்கென்றே ஐ.எஸ்.ஓ. 2411 என்னும் பன்னாட்டுத் தரமுறை, பூச்சைத் துணியிலிருந்து உரித்தெடுக்கத் தேவைப்படும் விசையை அளக்கச் சொல்கிறது. காய்ந்த துண்டோடு சோதனை முடியக் கூடாது; இன்னொரு துண்டைச் சில மணி நேரம் கொதிநீரில் வைத்து எடுத்து அதே சோதனையைச் செய்ய வேண்டும். நீரில் நின்று காட்டும் பிணைப்பே உண்மையான பிணைப்பு. உரிந்த துண்டின் அடிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும்: அது வழவழப்பாக இருந்தால் பிணைப்பு ஏற்படவே இல்லை, நார் கிழிந்து ஒட்டிக்கொண்டு வந்தால், பிணைப்பு துணியைவிட வலிமையானது.

கர்நாடக அணைகளிலிருந்து திறக்கப்படும் நீரால் காவிரியில் வெள்ளம் பெருகும் நாள்களில் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டத் தடை விதிக்கப்படுகிறது. வருமானம் நின்றுபோகும் அந்த நாள்கள்தாம் கலத்தின் அடியைப் புரட்டிப் பார்க்கக் கிடைக்கும் நீண்ட இடைவெளியும் ஆகும். தண்ணீரில் உயிர்களைச் சுமந்து செல்லும் கலத்தில் பூச்சு என்பது அழகுக்குரியதன்று, பாதுகாப்புக்குரியது. தோலிலிருந்து சாக்குக்கும் தாருக்கும் தாமே மாறிக்கொண்ட கைவினைஞர்களுக்குக் கண்ணாடித் துணியின் வேதியியலைக் கற்பது எட்டாத காரியமன்று. துணியின் பதனம், சிலேனின் பொருத்தம், உப்பில்லாக் கழுவல், பிற்பகல் வேளை, மூடிய விளிம்பு, கொதிநீர்ச் சோதனை ஆகிய ஆறையும் மாவட்டத்தின் தொழிற்பயிற்சி நிலையங்கள் அவர்களுடைய மொழியில், அவர்களுடைய கலத்தை வைத்தே கற்பிக்க வேண்டும்.